சொந்த சர்வரிலிருந்து கிளவுடுக்கு: வணிக மென்பொருளை இடம் மாற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் நிறுவனத்தின் கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றுக்குமான மென்பொருள்கள் ஒன்பது ஆண்டுகளாக அலுவலகத்தின் ஒரு சிறிய அறையில் இரண்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஆறு வாரங்களில் முடித்துவிடலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தேன். முடிய ஏழு மாதங்கள் ஆயின. முதல் முயற்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கைவிட்டு, பழைய சர்வர்களையே மறுபடி இயக்கித் திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறந்தோம். பின்னர் நாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, தரவை நகலெடுக்கும் வேலைக்கு மொத்தமே மூன்று நாள்கள்தாம் ஆகியிருந்தன. மீதி நாள்களையெல்லாம் விழுங்கியது, அந்தச் சர்வர்களை நம்பி வேறு எவையெல்லாம் இயங்குகின்றன என்பது எங்களில் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாததுதான்.

தகவல் தொழில்நுட்பத்துக்கென்று பெரிய துறை இல்லாத, ஓரிருவர் மட்டுமே சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, முதல் நான்கு படிகளையும் முடிக்கும் முன் யாரிடமும் விலைப்புள்ளி கேட்காதீர்கள். கேட்டால், உங்களுக்குத் தேவையானது எது என்பதை விற்பவரே முடிவு செய்துவிடுவார்.

1. சர்வரைச் சார்ந்திருப்பவை அனைத்தையும் பட்டியலிடுங்கள் (5 வாரம்)

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவ்வளவு வட்டு இடம் என்பவற்றை எல்லாரும் எழுதிவிடுவார்கள். அதற்கு அரை நாள் போதும். எழுதப்படாமல் போவது, அந்த மென்பொருளை வெளியிலிருந்து தொடுபவை. எங்கள் முதல் முயற்சியைக் கெடுத்தவை இரண்டு. ஒன்று, கிடங்கிலிருந்த எடைப்பொறி. அது பழைய சர்வரின் ஐபி முகவரியை (வலைப்பின்னலில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) தன் அமைப்பிலேயே பதிந்து வைத்திருந்தது. அதை மாற்றுவதற்கான கடவுச்சொல்லை அறிந்தவர் வேலையை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றொன்று, ஸ்கேன் செய்து சேர்த்த பற்றுச்சீட்டுகள். அவற்றின் இருப்பிடத்தைத் தரவுத்தளம் பழைய சர்வரின் பெயரோடு சேர்த்தே குறித்து வைத்திருந்ததால், புதிய இடத்தில் கணக்குத் தொகைகள் எல்லாம் சரியாக வந்தும் ஒரு பற்றுச்சீட்டுகூடத் திறக்கவில்லை.

இவற்றை நினைவிலிருந்து எழுத முடியாது. சர்வரிடமே கேட்க வேண்டும். இணைப்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில், அனுமதிக்கப்பட்ட இணைப்புகளைப் பதிவேட்டில் எழுதும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கி, பதிவேட்டின் அளவு வரம்பையும் உயர்த்திவிடுங்கள். எந்த முகவரியிலிருந்து, எந்தப் போர்ட்டுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்), எப்போது இணைப்பு வந்தது என்பது தானாகச் சேரும். லினக்ஸ் சர்வர்களிலும் ஃபயர்வால் விதியொன்றைச் சேர்த்து இதையே செய்யலாம். இதைக் குறைந்தது 35 நாள்கள் ஓடவிடுங்கள். அப்போதுதான் ஒரு மாத இறுதியும் ஒரு சம்பள நாளும் அதற்குள் விழும். காலாண்டுக்கு ஒருமுறையும் ஆண்டுக்கு ஒருமுறையும் ஓடுபவை இதில் சிக்கா. ஆகவே, சர்வர்களில் மட்டுமல்லாமல், ‘அணைக்காதீர்கள்’ என்று தாள் ஒட்டி மூலையில் வைத்திருக்கும் மேசைக் கணினிகளிலும் உள்ள திட்டமிட்ட பணிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

அடுத்து மனிதர்களிடம் கேளுங்கள். துறைத் தலைவரைக் கேட்டுப் பயனில்லை. தினமும் அந்தத் திரையின் முன் உட்காருபவரிடம், ‘சர்வர் நின்றுபோனால் உங்களுக்கு முதலில் எந்த வேலை நிற்கும்?’ என்று கேளுங்கள். எங்கள் கணக்குப் பிரிவில் மூவர், தரவுத்தளத்தோடு நேரடியாக இணைந்த எக்செல் அறிக்கைகளைத் தாங்களே அமைத்து வைத்திருந்தார்கள். மேலாண்மை மாதந்தோறும் பார்த்துவந்த இலாப அறிக்கை அந்த எக்செல்லிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு நெடுவரிசைகள் போதும்: அது என்ன, சர்வரை எந்தப் பெயரால் அல்லது முகவரியால் அழைக்கிறது, அதை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது, மாற்றிவிட்டோம் என்பதை எப்படிச் சோதிப்பது. வருகைப்பதிவுக் கருவி, லேபிள் அச்சுப்பொறி, வங்கிக்குக் கட்டணக் கோப்பு அனுப்பும் நிரல், மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பு, பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் ஆகியவை உங்கள் பட்டியலில் இல்லையென்றால், அவை உண்மையிலேயே இல்லைதானா என்று இன்னொரு முறை பாருங்கள்.

2. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே வழி தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வழியில் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடைமுறையில் வழிகள் நான்கு. சர்வரை அப்படியே கிளவுடில் ஒரு மெய்நிகர் கணினியாக (பெரிய கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினியாக) எழுப்புவது முதல் வழி. மென்பொருளை மெய்நிகர் கணினியிலும், தரவுத்தளத்தை மட்டும் கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவையிலும் வைப்பது இரண்டாவது. உங்கள் மென்பொருளைத் தயாரித்தவரே நடத்தும் சந்தாப் பதிப்புக்கு மாறுவது மூன்றாவது. நான்காவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: மாற்றாமலே விட்டுவிடுவது. இரண்டு ஆண்டுகளில் கைவிடப்போகும் மென்பொருளை இடம் மாற்றுவதில் பொருளில்லை.

சில சமயம் தேர்வு உங்கள் கையில் இருக்காது. அட்லாசியன் நிறுவனம், பணிகளைக் கண்காணிக்கும் ஜிரா, ஆவணங்களைப் பகிரும் கான்ஃபுளுவன்ஸ் ஆகியவற்றின் சர்வர் பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15 அன்று நிறுத்தியது. விண்டோஸ் சர்வர் 2012இன் நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்றும், மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2014இன் ஆதரவு 2024 ஜூலை 9 அன்றும் முடிந்தன. எஸ்க்யூஎல் சர்வர் 2016க்கு 2026 ஜூலை 14 கடைசி நாள். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிப்புக்கும் இத்தகைய தேதியைக் கண்டு எழுதிவையுங்கள். பராமரிக்கப்படும் தரவுத்தளச் சேவைகள் பழைய பதிப்புகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே இரண்டாம் வழியைத் தேர்ந்தால், இடமாற்றத்தோடு பதிப்பு உயர்வும் சேர்ந்தே வரும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இயன்றவரை, பழைய சர்வரிலேயே பதிப்பை உயர்த்தி ஒரு மாதம் ஓட்டிவிட்டு, பிறகு இடம் மாற்றுங்கள். அப்போதுதான் கோளாறு வந்தால் அது பதிப்பால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியும்.

சந்தாப் பதிப்புக்கு மாறுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருப்பதால் மென்பொருளும் ஒன்று என்று எண்ண வேண்டாம். நீங்கள் ஆண்டாண்டாகச் சேர்த்த செருகுநிரல்கள், சொந்தமாக எழுதிய அறிக்கைகள், தரவுத்தளத்தை நேரடியாகத் தொடும் நிரல்கள் ஆகியவை சந்தாப் பதிப்பில் பெரும்பாலும் வேலை செய்யா. தரவுத்தளத்தைத் தொடும் அனுமதியே கிடைக்காது. விற்பனையாளர் காட்டும் செயல்விளக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், சோதனைக் கணக்கு ஒன்றை வாங்கி, உங்கள் தரவில் ஒரு மாதத்துக்குரியதை ஏற்றிப் பாருங்கள்.

3. உரிமங்களையும் ஒப்பந்தங்களையும் மேசையில் பரப்புங்கள்

தேவையான ஆவணங்கள் இவை: ஒவ்வொரு மென்பொருளின் உரிமச் சான்றும் வாங்கிய விலைப்பட்டியலும், தற்போதைய பராமரிப்பு ஒப்பந்தம், சர்வர் அறைக்கான இணைய இணைப்பு ஒப்பந்தம், வாடிக்கையாளர்களோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் தரவு எங்கே வைக்கப்படும் என்று சொல்லும் பிரிவுகள், உங்கள் நாட்டுச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தணிக்கையாளர் எழுத்தில் உறுதிப்படுத்திய கடிதம்.

உரிமத்தில் பொறிகள் நிறைய. யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு செருகி) செருகினால்தான் ஓடும் மென்பொருளைக் கிளவுடில் அப்படியே ஓட்ட முடியாது, ஏனெனில் அங்கே செருகுவதற்கு உங்களுக்குத் துளை கிடையாது. மென்பொருளைத் தயாரித்தவரிடமிருந்து வலைவழி உரிமம் பெற வேண்டும். அதற்கு எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. உரிமம் வலைப்பின்னல் அட்டையின் முகவரியோடு கட்டப்பட்டிருந்தாலும் இதே நிலைதான். மைக்ரோசாஃப்ட் 2019 அக்டோபர் 1 முதல் தன் விதிகளை மாற்றியது. அந்தத் தேதிக்குப் பிறகு, அதன் கட்டணப் பராமரிப்புத் திட்டமான மென்பொருள் உறுதித் திட்டம் (Software Assurance) இல்லாமல் வாங்கிய உரிமங்களை அமேசான், கூகுள், அலிபாபா ஆகியவற்றின் கிளவுடிலும் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கிளவுடிலும், உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட கணினியில்கூட, கொண்டுபோய்ப் பயன்படுத்த இயலாது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு, அமேசான், மைக்ரோசாஃப்டின் அஸூர் போன்றவற்றில், ஒவ்வொரு செயலி மையமும் இரட்டை இழையாக (hyper-threading) இயங்கும் கணினியின் 2 மெய்நிகர் செயலிகளை 1 செயலி உரிமமாகக் கணக்கிடுவார்கள்; அலுவலகச் சர்வரில் உங்களுக்குக் கிடைத்த கணக்கீட்டுச் சலுகை அங்கே செல்லாது. இந்த ஒரு வரியே செலவுக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

கிளவுட் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் நான் மூன்று இடங்களைத்தான் கூர்ந்து படிக்கிறேன். முதலாவது, சேவை உறுதி. மாதத்துக்கு 99.9 சதவீதம் என்றால், 30 நாளில் 43 நிமிடம் நின்றாலும் அவர்கள் சொல் தவறவில்லை என்று பொருள். தவறினாலும் கிடைப்பது அடுத்த கட்டணத்தில் ஒரு கழிவுதான், உங்கள் வியாபார இழப்புக்கு ஈடு அன்று. இரண்டாவது, தரவு எந்த நாட்டில் இருக்கும், பேக்கப் எந்த நாட்டில் இருக்கும் என்பது. மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாளுக்கு, எந்த வடிவத்தில் உங்கள் தரவைத் திருப்பி எடுக்கலாம் என்பது. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும், முழுவதுமாக வெளியேறுவோருக்குத் தரவு வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024இல் அறிவித்தன. ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு முன்கூட்டிக் கேட்டுப் பெற வேண்டும். சந்தா மென்பொருள்களில் இந்தப் பிரிவு இன்னும் முக்கியம். ‘பிடிஎஃப் வடிவில் தருவோம்’ என்று எழுதியிருந்தால், தரமாட்டோம் என்றே படித்துக்கொள்ளுங்கள்.

4. தொலைவைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் எல்லாரும் இடம் மாற்றிய பிறகு, ‘கிளவுட் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் கிளவுடுடையது அன்று.

பழைய கணக்கு மென்பொருள்கள் பல, ஒவ்வொருவரின் கணினியிலும் நிறுவப்பட்டு, தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசுபவை. ஒரு திரையைத் திறக்க அவை தரவுத்தளத்திடம் 400 சிறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். சர்வர் அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு கேள்வி போய் வர அரை மில்லிவினாடி ஆகிறதென்றால், மொத்தம் 0.2 வினாடி, யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே தரவுத்தளம் 35 மில்லிவினாடி தொலைவுக்குப் போய்விட்டால், 400 கேள்விக்கு 14 வினாடி. இணைய வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த 14 வினாடி குறையாது, ஏனெனில் இங்கே தடையாக இருப்பது குழாயின் அகலம் அன்று, பயண நேரம்.

சோதிப்பது எளிது. நீங்கள் எண்ணியிருக்கும் கிளவுட் வட்டாரத்தில் சிறிய கணினி ஒன்றை ஒரு நாளுக்கு எழுப்பி, அலுவலகத்திலிருந்து அதற்கான பயண நேரத்தைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அளந்து பாருங்கள். பிறகு, தரவுத்தளத்தின் கண்காணிப்புக் கருவியைக் கொண்டு, அதிகம் பயன்படும் ஐந்து திரைகள் ஒவ்வொன்றும் எத்தனை கேள்வி கேட்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டையும் பெருக்கினால் விடை வந்துவிடும். விடை மூன்று வினாடிக்கு மேல் போனால், தரவுத்தளத்தை மட்டும் நகர்த்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். மென்பொருளையும் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே கிளவுடில் வைத்து, தொலைத் திரை வழியாகப் பயன்படுத்துவதே அப்போது சரியான வழி. அதற்குத் தனி உரிமம் தேவைப்படும். 3ஆம் படிக்குத் திரும்பிச் சென்று அதைச் சேருங்கள். உலாவியில் இயங்கும் மென்பொருள் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மென்பொருளும் தரவுத்தளமும் ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டும்.

5. செலவைக் கணக்கிடுங்கள்

சர்வரின் விலையையும் கிளவுடின் மாதக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு. பழைய பக்கத்தில் மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு ஒப்பந்தம், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய சர்வர் ஆகியவற்றைச் சேருங்கள். புதிய பக்கத்தில் சேர்க்க மறப்பவை அதிகம்: வட்டு, வட்டின் படப்பிரதிகள் (ஸ்னாப்ஷாட்), வெளியே செல்லும் தரவு, பொது ஐபி முகவரி, அலுவலகத்தையும் கிளவுடையும் மறைகுறியீட்டுப் பாதையால் இணைக்கும் விபிஎன் நுழைவாயில், ஆதரவுத் திட்டம், அலுவலகத்துக்கு இரண்டாவது இணைய இணைப்பு. கடைசியாகச் சொன்னதை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். இதுவரை இணையம் நின்றாலும் கணக்குப் பிரிவு வேலை செய்தது, இனிமேல் செய்யாது.

தரவு உள்ளே செல்லும்போது பெரும்பாலும் கட்டணம் இல்லை; வெளியே வரும்போதுதான் மீட்டர் ஓடும். தினமும் இரவில் முழுத் தரவுத்தளத்தையும் அலுவலகத்துக்கு இறக்கும் பழக்கம் இருந்தால், அதன் அளவை 30ஆல் பெருக்கிக் கணக்கில் சேருங்கள். அணைத்து வைத்த கணினிக்குச் செயலிக் கட்டணம் நின்றாலும் அதன் வட்டுக்கான கட்டணம் நிற்காது. அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும், அது பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறது.

மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம். சோதனைக் கணினியை வேலை நாளில் 12 மணி நேரம் மட்டும் ஓடவிட்டால், வாரத்தின் 168 மணியில் 60 மணிதான். செயலிக் கட்டணத்தில் ஏறத்தாழ 64 சதவீதம் மிச்சம். ஆனால் கணக்குச் சர்வரை இரவில் அணைக்க முடியாது. அதற்கு ஓராண்டு அல்லது மூன்றாண்டு முன்பதிவுச் சலுகை உண்டு. அதை முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். எங்களுக்குத் தேவை என்று எண்ணிய அளவில் பாதிதான் உண்மையில் தேவைப்பட்டது. அது தெரிய மூன்று மாதங்கள் ஆயின.

மலிவாகத் தெரியும் கணினி வகைகளில் ஒரு கண்ணி உண்டு. சில வகைகள் குறைந்த வேகத்தையே நிலையாகத் தந்து, சேமித்த புள்ளிகளைக் கொண்டு அவ்வப்போது மட்டும் முழு வேகத்தில் ஓடுபவை. ஒரு மணி நேரச் சோதனையில் அவை அருமையாக இருக்கும். மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாளில் புள்ளிகள் தீர்ந்து தவழும், அல்லது கூடுதல் கட்டணம் ஏறும். தரவுத்தளத்துக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு இரட்டைச் செலவு ஆகும். குறைந்தது நான்கு மாதத்துக்கு அதை ஒதுக்கி, மேலாண்மையிடம் முன்பே கையெழுத்து வாங்குங்கள். செலவு வரம்பு எச்சரிக்கையைக் கணக்குத் தொடங்கிய நாளிலேயே அமையுங்கள். அது உங்களுக்கு அஞ்சல் அனுப்புமே தவிர, தானாக எதையும் நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. கணக்கையும் வலைப்பின்னலையும் அமையுங்கள்

கிளவுட் கணக்கின் தலைமை உரிமை ஒரு தனி மனிதரின் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. நிறுவனத்தின் பொது முகவரியில் தொடங்கி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். தொலைத் திரைக்கான 3389, லினக்ஸ் உள்நுழைவுக்கான 22 ஆகிய போர்ட்டுகளை உலகம் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள். தாக்குதல் முயற்சி தொடங்க நாள்கணக்கில் ஆகாது, நிமிடக்கணக்கு போதும். விபிஎன் வழியாக மட்டும் அனுமதியுங்கள். அலுவலக வலைப்பின்னலில் உள்ள முகவரி வரம்பும் கிளவுடில் தேர்ந்தெடுக்கும் வரம்பும் ஒன்றாக இருந்தால் விபிஎன் சரிவர இயங்காது. இதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இன்னும் மூன்று சிறு கண்ணிகள், மூன்றிலும் நாங்கள் விழுந்தோம். கிளவுட் நிறுவனங்கள் போர்ட் 25 வழியாக மின்னஞ்சல் வெளியேறுவதைப் பொதுவாகத் தடுத்து வைத்திருக்கின்றன. 587 வழியாக, உள்நுழைவு கேட்கும் அஞ்சல் சேவைக்கு மாறுங்கள், பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும் திருத்துங்கள். புதிய கணினிகளின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நள்ளிரவில் ஓட வேண்டிய நாள் முடிப்பு வேலை வேறு நேரத்தில் ஓடினால் காரணம் அதுதான். அஸூரின் எஸ்க்யூஎல் தரவுத்தளச் சேவையில் இந்த நேரத்தை மாற்றவும் முடியாது, நிரலைத்தான் திருத்த வேண்டும். மூன்றாவது, சில கணினி வகைகளோடு இலவசமாக வரும் தற்காலிக வட்டு. அது வேகமாக இருக்கும், காலியாகவும் இருக்கும். கணினியை நிறுத்தி எழுப்பினால் அதில் வைத்தது போய்விடும்.

7. தரவை இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். 1 டெராபைட்டை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனுப்ப, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல இணைப்புகளில் பதிவிறக்க வேகம் 100 என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், பதிவேற்ற வேகம் 20 மட்டுமே. அப்படியானால் அதே தரவுக்கு நாலரை நாளுக்கு மேல். வார இறுதிக்குள் முடியாது. ஆகவே ஸ்கேன் கோப்புகள், பழைய ஆண்டுகளின் தரவு போன்ற மாறாதவற்றை இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்பிவிட்டு, மாற்றும் நாளில் புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் அனுப்புங்கள்.

எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது: உங்கள் தரவுத்தளத்தின் பேக்கப்பில் அந்தத் தரவுத்தளத்துக்குள் உள்ளவை மட்டுமே இருக்கும். உள்நுழைவுக் கணக்குகள் மாஸ்டர் தரவுத்தளத்திலும், திட்டமிட்ட வேலைகள் எம்எஸ்டிபி தரவுத்தளத்திலும் தனியே இருக்கின்றன. அவற்றைத் தனியே எடுத்துச் செல்லாவிட்டால், தரவு வந்து சேர்ந்தும் யாராலும் நுழைய முடியாது, இரவு வேலைகள் எதுவும் ஓடா. மைஎஸ்க்யூஎல் வைத்திருப்போர் எழுத்துக் குறிமுறையைக் கவனியுங்கள். அதில் ‘யுடிஎஃப்8’ என்று பழைய பதிப்புகள் சொல்வது 3 பைட் வரை மட்டுமே ஏற்பது. 4 பைட்டையும் ஏற்பது ‘யுடிஎஃப்8எம்பி4’. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட் குறியீடுகளால் ஆனது என்பதால் இரண்டிலும் தங்கும். ஆனால் பழைய தரவுத்தளம், ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 குறிமுறையில் தமிழைப் பிடித்து வைத்திருந்தால், மாற்றிய பிறகு வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் புரியாத குறிகளாகிவிடும். பத்துப் பெயர்களை முன்பே எழுதிவைத்து, மாற்றிய பின் கண்ணால் ஒப்பிடுங்கள். தானியங்கி இடமாற்றக் கருவிகளையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அமேசானின் தரவுத்தள இடமாற்றச் சேவை அட்டவணைகளையும் முதன்மைச் சாவிகளையும் உருவாக்கும், துணைச் சுட்டுவரிசைகளையும் சேமித்த நிரல்களையும் நீங்கள்தாம் கொண்டுசெல்ல வேண்டும்.

சரிபார்ப்புக்கு வரிசை எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு அட்டவணையின் எண்ணிக்கையோடு, கடந்த மூன்று ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பு, ஒரு மாதச் சம்பளப் பட்டியலின் மொத்தம், சரக்கிருப்பின் மொத்த மதிப்பு ஆகியவற்றை இரு பக்கமும் அச்சிட்டு, கணக்காளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒத்திகையை இரண்டு முறை நடத்துங்கள். முதலாவது, தவறுகளைக் கண்டுபிடிக்க. இரண்டாவது, கையில் கடிகாரத்தோடு, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்க.

8. பேக்கப்பை முன்கூட்டியே நிறுவுங்கள்

கிளவுடில் இருப்பதாலேயே தரவு பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் அமைப்பு, ஓர் அமைவுத் தவறால் நீக்கப்பட்டுவிட்டது. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

ஆகவே ஒரு பிரதியாவது வேறு வட்டாரத்திலும், வேறு கணக்கிலும் இருக்கட்டும். அமேசானின் பராமரிக்கப்படும் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள்கள்தாம் வைத்திருக்க முடியும். தணிக்கையாளர் கடிதம் கேட்கும் ஆண்டுகளுக்கு நீங்களே தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். மாற்றும் நாளுக்கு முன், அந்த பேக்கப்பிலிருந்து ஒருமுறை முழுதாக மீட்டெடுத்து, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதிவையுங்கள்.

9. மாற்றும் நாள்

மாத இறுதி, சம்பள வாரம், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வாரம், ஆண்டுத் தணிக்கை ஆகியவற்றைத் தவிர்த்து, மாதத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் முன்னதாக, டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 86,400 வினாடியிலிருந்து 300 வினாடிக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் முகவரியை மாற்றிய பிறகும் சிலருடைய கணினிகள் ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வரையே தேடிப் போகும்.

வெள்ளி மாலை பயனர்களை வெளியேற்றியதும், பழைய தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் இயலும் நிலைக்கு மாற்றுங்கள். ‘யாரும் எதையும் பதியாதீர்கள்’ என்று அறிவிப்பது போதாது. யாராவது ஒருவர் பதிவார். கடைசி பேக்கப்பை எடுங்கள், அனுப்புங்கள், மீட்டெடுங்கள், 7ஆம் படியின் மொத்தங்களை ஒப்பிடுங்கள். பிறகு 1ஆம் படியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியையும் அதற்குரிய மனிதரை அழைத்து அவர் கையாலேயே சோதிக்கச் செய்யுங்கள். எடைப்பொறியில் உண்மையான மூட்டையை வையுங்கள். லேபிளை உண்மையாகவே அச்சிடுங்கள்.

திரும்பிப் போகும் நேரத்தை முன்பே எழுத்தில் தீர்மானியுங்கள். எங்கள் முதல் முயற்சியில் அது இல்லை. ‘இன்னும் அரை மணி நேரம், சரியாகிவிடும்’ என்று காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாம் முறை, ஞாயிறு நண்பகல் 12 மணிக்குள் பட்டியலில் ‘கட்டாயம்’ என்று குறித்த வரிகள் எல்லாம் தேறாவிட்டால் பழையதற்குத் திரும்புவது என்றும், அந்த முடிவை எடுக்கும் உரிமை ஒரே ஒருவருக்கு என்றும் எழுதி வைத்தோம். திங்கட்கிழமை காலை புதிய சர்வரில் முதல் விலைப்பட்டியல் பதிவானபின் திரும்பிப் போவது எளிதன்று, ஏனெனில் அதற்குப் பிறகு சேர்ந்தவற்றைக் கையால் பழையதில் ஏற்ற வேண்டியிருக்கும். திங்கள், செவ்வாய் இரு நாளும் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

10. பழைய சர்வரை ஓய்வுக்கு அனுப்புங்கள்

உடனே விற்றுவிடாதீர்கள். வலைப்பின்னலிலிருந்து துண்டித்து, ஆனால் மின்சாரத்தோடு, இரண்டு மாத இறுதிகள் கடக்கும்வரை வையுங்கள். துண்டித்த அன்று யாராவது வந்து ‘என் அறிக்கை வரவில்லை’ என்று சொன்னால், உங்கள் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு முழு வட்டின் படிமத்தை எடுத்துப் பாதுகாத்துவிட்டு, வட்டுகளை அழியுங்கள். நீக்குவதும் ஃபார்மட் செய்வதும் அழிப்பது ஆகாது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் 800-88 வழிகாட்டுதல்படி அழித்ததற்கான சான்றிதழை, வட்டின் வரிசை எண்ணோடு, அழிப்பவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். தணிக்கையில் அது கேட்கப்படும்.

கடைசியாகப் பராமரிப்பு ஒப்பந்தம். அதை நிறுத்த 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற வரி எங்கள் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் படித்தபோது புதுப்பிப்புத் தேதிக்கு 41 நாள்களே மிஞ்சியிருந்தன. அணைத்து வைத்த இரண்டு சர்வர்களுக்கு இன்னொரு முழு ஆண்டுக் கட்டணம் செலுத்தினோம். 3ஆம் படியில் ஒப்பந்தங்களை மேசையில் பரப்பும் அன்றே அந்தத் தேதியைக் கண்டுபிடித்து நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.